ரவிக்கைத் துணி கட்டிய வெண்கலப் பெண்

எம்.ரெட்டியபட்டி மேற்குத் தெரு மாரீஸ்வரன் மனைவி சத்யபிரியா, வயது 36, பருத்திக் காட்டுக் கூலி, காவல் நிலையத்தில் விசாரித்தபோது சொன்னது:

நான் முன்பு புதுச்சேரியில் வயதான பிரெஞ்சுக்கார அம்மா ஒருவருக்குச் சமைத்துப் போட்டுத் துணையாக இருந்தேன். அவர் படுக்கையில் விழுந்த பிறகு, தன் மேசையில் இருந்த சாண் உயர வெண்கலப் பொம்மையை என்னிடம் கொடுத்து, வைத்துக்கொள்ளச் சொன்னார். குளித்துவிட்டு உட்கார்ந்து, ஒரு காலை மடிமேல் தூக்கிப் போட்டு ஈரம் துடைக்கும் பெண் அது. உடம்பில் துணி கிடையாது. முந்நூறு வருடங்களுக்கு முன் தன் நாட்டில் வார்த்தது என்றார். அவர் இறந்த பிறகு அதை ஊருக்குக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தேன்.

அதன் பிறகு என் மாமியார் மூக்கம்மாள், "ஏத்தா, ஆம்பளைக வந்து போற வீட்டுல இவ இப்பிடி அம்மணமா உக்காந்திருக்காளே" என்று சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றிக் கட்டினார். அதன் பிறகு வந்தவர்கள் பொட்டு வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். பொம்மை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஊரில் நிலபுலமும் கோயில் பூசையும் வைத்திருக்கும் வெள்ளத்துரை வந்து பார்த்து, தங்கள் கோயிலில் காணாமல் போன அம்மன் என்றார். அந்தக் கோயிலுக்குள் எங்களை விட்டதே இல்லை, நான் எப்படித் திருட முடியும் என்று கேட்டேன். "கூலிக்காரி வீட்டுல சாமிக்கு என்னடி வேலை?" என்று சொல்லிவிட்டுப் புகார் கொடுத்தார்.

நிலையத்தில் சிலையை நாற்காலியிலும் என்னைத் தரையிலும் உட்கார வைத்தார்கள். பொம்மை கொடுத்த பிரெஞ்சுக்கார அம்மாவின் மகனுக்குப் போன் போடச் சொன்னேன். அவர் பாஷையில் சொல்வதை யார் கேட்டு எழுதுவது என்றார்கள். "துணிய அவுத்துப் பாருங்க சார், கால் தொடைக்கிற அம்மன எந்தக் கோயில்ல பாத்திருக்கீக?" என்றேன். சாமி சேலையில் ஆம்பளை கை வைக்கக் கூடாது என்று எஸ்.ஐ. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெண் காவலர் வீட்டு விலக்கு என்று ஒதுங்கினார். நானே அவிழ்க்கிறேன் என்றேன். குற்றம் சாட்டப்பட்டவள் கேஸ் சொத்தைத் தொடக் கூடாது என்றார்கள். பூசாரிதான் அவிழ்க்க வேண்டும் என்று முடிவு செய்து ஆள் அனுப்பினார்கள். பூசாரி வெள்ளத்துரைதான்.

வந்தவர் திரை கட்டச் சொல்லி, தனியாக உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வேர்த்துப்போய் வெளியே வந்து, "எங்க அம்மன்தான்" என்றார். திரையை விலக்கியபோது, ரவிக்கைத் துணிக்குப் பதிலாகக் கால் தெரியாதபடி பட்டுப் பாவாடை கட்டியிருந்தது.

நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறேன். ஏட்டு எழுதி வாசித்துக் காட்டினார். 'உடம்பில் துணி கிடையாது' என்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்கக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) மா. சத்யபிரியா