அந்த வேனில் யார் இருந்தார்கள்?

ஜெபத்துக்குப் போகும் முன்னால் ஒரு சின்னக் கதை சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. கதை என்றால் எங்கள் வீட்டில் நடந்ததுதான். ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தவர்களும் கொஞ்சம் தூங்காமல் கேளுங்கள்.

என் அக்கா மகள் ஜெனிட்டாவை உங்களுக்குத் தெரியும். பொங்கல் லீவில் அவளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை ஆல்வின். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கொயரில் பாடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு முன்னால் அறிவித்துவிட்டால், அப்புறம் பின்வாங்குவது லேசா? அதற்கு முந்தின வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்து கேட்கிறார்...

"சின்னத்தை, ஜெனிட்டாவைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போகட்டா? நீங்களும் வாங்க."

துணைக்கு ஆளில்லாமல் அனுப்புவார்களா? போனேன்.

கார் பந்தயப் படம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்து நாளிலிருந்து விளையாடுகிற வீடியோ கேமைத்தான் படமாக எடுத்திருக்கிறார்களாம். பந்தயம் மைதானத்தில் இல்லையம்மா... கடையும் ஆஸ்பத்திரியும் இருக்கிற தெருவில். பாப்கார்ன் விலையை நான் இங்கே சொல்ல மாட்டேன், உங்கள் வயிறு எரியும்.

கதாநாயகன் ஒருவனை முந்துவதற்காக எதிர்ப் பாதையில் ஏறுகிறான். எதிரே ஒரு வெள்ளை வேன். இவனுக்கு ஒதுங்கப் போய் அது உருள்கிறது... உருண்டுகொண்டே இருக்கிறது... என் கை தானாக முன் சீட்டைப் பிடித்துக்கொண்டது. கார் நின்றதா? இல்லை. யாராவது திரும்பிப் பார்த்தார்களா? இல்லை. தியேட்டர் முழுக்க விசில். அதில் ஒரு விசில்... எங்கள் வரிசையிலிருந்து. கொயரில் பாடுகிற அதே வாய்.

ஜெனிட்டாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் கேட்டாள்: "ஏங்க, அந்த வேன்ல யாரு இருந்தா?"

"எந்த வேன்?"

"உருண்டுச்சே."

"வேன் உருண்டுச்சா?" அவர் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஓ, அதுவா. கேம்லயும் அப்படித்தான் குறுக்க குறுக்க வரும். இடிச்சா நம்ம ஸ்பீடு குறையும், அவ்வளவுதான். உள்ள ஆளே இருக்காது."

எந்த வேன்... கேட்டீர்களா? எந்த வேன்?

அவள் யார் மகள்? எங்கள் வேதமுத்து அத்தான் காலமெல்லாம் பஸ் ஓட்டினவர். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்னே அக்காவிடம் சொல்வார்: "இன்னைக்கும் ஒரு உயிருக்கும் சேதம் இல்ல." அதைக் கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் சோறு. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளை அவள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "சித்தி, அப்பாட்ட சொல்லிருங்க. ஓலை வாசிக்க வேண்டாம்."

எனக்குத் திக்கென்றது. "ஏ பிள்ள, சினிமாவப் பாத்துட்டா கல்யாணத்த நிறுத்துவாவ? அது படம்லா. அந்த வேன் பொய்."

"வேன் பொய்தான் சித்தி. விசில் நெசம்லா."

நடந்ததை அப்படியே அத்தானிடம் போய்ச் சொன்னேன். அத்தான் ஒன்றும் சத்தம் போடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "பிள்ள ஒரு கேள்வி கேட்டாளாம். நீங்க இன்னும் பதில் சொல்லலியாம்." வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆல்வின் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"மாமா, நேத்து அந்தப் படத்துக்கு மறுபடியும் போனேன். அந்த வேனைப் பாக்கதுக்கு."

"பாத்தியளா?"

"கண்ணு மூடித் திறக்குற நேரந்தான் வருது. ஓட்டுறவரு நரைச்ச தலை. பக்கத்துல பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா. அவங்க கை..." தன் கையை நீட்டிக் காட்டினார். "இப்படி... முன்னால எதையோ பிடிக்க வந்துச்சு மாமா. அதுக்குள்ள காட்சி மாறிட்டு. என்னைச் சுத்தி எல்லாரும் விசிலடிச்சாங்க. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

அடுக்களை வாசலில் நின்ற ஜெனிட்டா என் பக்கம் திரும்பினாள். "சித்தி, அவிய இன்னும் நிக்காவல்லா. நாற்காலிய எடுத்துப் போடுங்க. நான் காப்பி போடுறேன்."

ஓலை வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு நீங்களும் வந்து பிரியாணி சாப்பிட்டீர்கள்.

இதை ஏன் சொன்னேன்? நாம் யாரும் கார் ஓட்டுகிறதில்லை, நமக்கென்ன என்று இருக்காதீர்கள். நமக்குப் பந்தயம் இல்லையா? மகளுக்கு சீட் வாங்க ஓடுகிறோம். மகனுக்கு வேலை வாங்க ஓடுகிறோம். நம் சங்கத்தில் தலைவி பதவிக்குக்கூட ஓடுகிறோம்... சிரிக்க வேண்டாம். ஓடுகிற ஓட்டத்தில் யாரை உரசினோம்? விருந்தாட்கள் முன்னால் மருமகளை ஒரு சொல் சொன்னோமே, அவள் அன்றைக்குச் சாப்பிட்டாளா? இந்தக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாத்திரம் விளக்க வந்தவளை விரட்டிவிட்டு வந்தோமே... அவள் ஏன் பிந்தினாள் என்று கேட்டோமா? நம்மை யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? எந்த வேன்?

அந்தப் பையன் திரும்பிப் போய்ப் பார்த்தான், சகோதரிகளே. படத்தில் வந்த பொய் வேனுக்கே திரும்பிப் போனான். நம்முடையது நிஜ வேன்.

கண்ணை மூடுங்கள். ஆளுக்கு ஒன்றாவது இருக்கும்... உள்ளே இருந்தவர் யார் என்று பாருங்கள். முகம் தெரிகிறவரைக்கும் நான் ஆமென் சொல்லப் போவதில்லை.