முதல் குரலுக்கே திறந்தவள்

இரவு ஒன்றரை மணி. சோரியாங்குப்பத்திலிருந்து பெண்ணையாற்றுக்குப் போகும் மண்பாதை. அதில் ஒரு நர்ஸ் லாந்தரோடு தனியாக நடந்தாள். முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் யாருக்கோ பின்னால் போகிறவள் மாதிரிதான் நடந்தாள்...

என் பெரியண்ணன் சிவப்பிரகாசத்தின் வீட்டில் நடந்தது இது. நர்ஸுகளை நாங்கள் துரத்தினோம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் குடும்பம் யாரையும் துரத்தியதில்லை. அதற்காகத்தான் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரன் போய் மூவர்ணக் கொடி ஏறிய மறு வருடம். எங்கள் சோரியாங்குப்பத்தில் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. வருகிற நர்ஸ் தங்குவதற்கு அண்ணன் தன் முன்னறையைக் கொடுத்தார். "எங்க வூட்ல இருக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது" என்று கொம்யூன் தலைவரான மேர் முன்னால் வாக்கும் கொடுத்தார்.

முதலில் வந்தவள் சின்னப் பெண். ஐப்பசி அடைமழை. நடு இரவில் கதவில் ஒரு தட்டு. "அம்மா, வலி கண்டுடுச்சு." ஒரு தரம்தான். அவள் பையை எடுத்துவிட்டாள். அண்ணன் தடுத்தார்.

"மொதக் கொரலுக்குத் தொறக்காத. மூணாங் கொரல் வரட்டும். பேய் ஒரு வாட்டிதான் கூப்புடும்."

எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அண்ணன்மேல் குற்றம் இல்லை.

இரண்டாம் குரல் வரவில்லை.

கூப்பிட்டவன் ஆற்றோரக் குடிசை நாகமுத்து. கதவு திறக்காததால் பாகூருக்கு ஓடியிருக்கிறான். விடிவதற்குள் பெண்டாட்டியும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. மூன்றாம் நாள் அவனும் ஆற்றில் இறங்கிவிட்டான்.

அந்தப் பெண் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தவள் இருபது நாள் இருந்தாள். அதற்கடுத்தவள் பெட்டியைக்கூட எடுக்காமல் முதல் பஸ்ஸில் ஏறினாள். "சிவப்பிரகாசம் வூட்ல நர்ஸும் தங்காது, நாயும் தங்காது" என்று டீக்கடையில் கலியன் சிரித்தானாம். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மறு ஐப்பசியில் வில்லியனூரிலிருந்து தனக்கொடி வந்தாள். நாற்பது வயது, கைம்பெண்.

"மூணு பேரு ஓடிட்டாங்களாமே?"

"பயந்தாங்கொள்ளிங்க. நீயாச்சும் இரும்மா. எங்க மானம் போவுது."

"ஓடிப் போறதுக்கு எனுக்கு வூடு ஏதுங்க?"

அன்றிரவு ஒன்றரை மணி. ஒரு தட்டு... ஒரே குரல். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் எழுவதற்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம். முதல் குரலுக்கே திறந்துவிட்டாள்.

விடிகாலையில் திரும்பினாள். முழங்கைவரை ஆற்றுச் சேறு. பச்சை ரத்த வாடை.

"ஆத்தோரம் ஒரு பிரசவம்" என்றாள். "தலை தெரியுது."

மறுநாள் விடிகாலை, "தோள் வந்துடுச்சு" என்றாள்.

ஆற்றோரம் குடிசையே கிடையாது. போன வருட வெள்ளம் கொண்டு போய்விட்டது. "மாத்தலுக்கு நானே எழுதித் தரேன். போயிடும்மா" என்றார் அண்ணன்.

"பாதியில வுட்டுட்டா? முன்ன வந்தவங்க அதத்தான செஞ்சாங்க?"

மூன்றாம் இரவு ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குழந்தை அழுதது. ஊரே கேட்டது.

விடிந்ததும் தனக்கொடி வந்தாள். வெறும் கைகள். எதையோ ஏந்துவது போல மடக்கியிருந்தாள். நேரே கூடத்துக்குப் போனாள். குனிந்தாள். மெல்ல... இறக்கி வைத்தாள்.

"பொண்ணு. ஆத்தாளும் இல்ல, அப்பனும் இல்ல. ஒங்க வூட்லதான் வளரணுமாம்."

முதல் பஸ்ஸில் போய்விட்டாள். நாங்கள் துரத்தவில்லை.

ஆறு வருடம் ஆகிறது. ஐப்பசி தோறும் ஓர் இரவு, ஒன்றரை மணிக்குக் கதவில் ஒரு தட்டு. "அம்மா..." ஒரு தரம்தான். நாங்கள் திறப்பதில்லை. விடிந்து பார்த்தால் கதவில் ஈரமாக ஒரு சின்னக் கையின் அடையாளம்.

கதவின் உள்பக்கம்.

முதல் வருடம் தரையோடு இருந்தது. பிறகு வருடா வருடம் ஏறியது. போன ஐப்பசியில் தாழ்ப்பாளுக்கு நாலு விரல் கீழே.

நாளை ஐப்பசி பிறக்கிறது.