ஸ்கெல்லிப் பாறையில் ஒரு நிமிடம்

தலைமை தாங்கும் போதகர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் முக்குளிப்புச் சங்கத் தலைவர் அவர்களே, உயிர்காப்புப் படகின் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் என் நண்பன் வாலஸ் அவர்களே, உட்கார இடமிருந்தும் கோட்டுகள் தொங்கும் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பி ஈவன் ரெட்பாத் அவர்களே, துறைமுகத்துப் பெருமக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பெட்ரல் படகை ஓட்டுகிற ஆர்ச்சி நான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. குரல் பெரிதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஷ்பெல் டன்பார் மறைந்துவிட்டார். நம் சங்கத்தின் பயிற்சித் தலைவி மறைந்துவிட்டார். வாலஸின் மனைவி மறைந்துவிட்டார். போன சனிக்கிழமை என் படகிலிருந்து ஸ்கெல்லிப் பாறையடியில் முக்குளிக்க இறங்கியவரை, அன்று மாலை என் கையாலேயே பிணமாகத் தூக்கிப் படகில் கிடத்தினேன்.

அவர் செய்த தொண்டை இந்த ஊர் மறக்க முடியுமா? குளிர்காலப் புயல் ஒவ்வொன்றும் நாம் சிங்கிறால் பிடிக்க இறக்கும் கூடுகளைக் கயிற்றோடு அறுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கயிறெல்லாம் எங்கே போகிறது? ஸ்கெல்லியின் பள்ளங்களில் போய்ச் சிக்கிக் கிடக்கிறது. கடல்நாயைப் பிடிக்கிறது, மீனைப் பிடிக்கிறது, மனிதனையும் பிடிக்கிறது. விரல் மரத்துப்போகும் குளிரில், வருடா வருடம் இறங்கி அதை அறுத்தெடுத்தவர் யார்? இஷ்பெல். காலில் ஒரு கத்தி, தோளில் ஒரு கத்தி.

மீன்பிடிக்கிறவர்கள் கரையில் நின்று கிண்டலடிப்பார்கள். "என்னம்மா, கடலையே கூட்டிப் பெருக்கிடுவ போலிருக்கு?"

"நீங்க போட்ட குப்பைதானய்யா. வாய் பேசுற நேரத்துக்கு வந்து ஒரு கை பிடிங்க," என்பார். யாரும் பிடித்ததில்லை. அதை இன்று சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது?

ஆனால் கயிற்றைப் பற்றிப் பேச நான் மேடை ஏறவில்லை. ஒரு நிமிடத்தைப் பற்றிப் பேச ஏறினேன்.

இங்கே முக்குளிக்காதவர்களும் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். நாங்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவோம். நம் தண்ணீர் கலங்கிவிட்டால் நீட்டிய கை நமக்கே தெரியாது. கூட வந்தவர் காணாமல் போனால் என்ன செய்வது? ஒரே ஒரு நிமிடம் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மேலே வந்துவிட வேண்டும். காணாமல் போனவரும் அதையே செய்வார். இருவரும் மேலே சந்திப்பார்கள். ஒருவர் வரவில்லை என்றால், வந்தவர் ஆள் கூப்பிடுவார். கீழே காற்றுத் தீர்ந்து கிடக்கிறவன் யாரைக் கூப்பிடுவான்?

இந்தப் பாடத்தை இஷ்பெல் வாயால் நடத்தியதில்லை. இறங்கிய பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒளிந்துகொள்வார். பாசிக் காட்டுக்குள் நழுவி, சத்தமில்லாமல் மேலே வந்து, என் படகில் உட்கார்ந்து டீ குடிப்பார். கீழே தேடுகிறவன் ஒரு நிமிடத்துக்கு மேல் தேடினால் அவன் தேறவில்லை.

வாலஸ், உன்னைக் கேட்காமலே சொல்கிறேன், மன்னித்துக்கொள். திருமணமான புதிதில் வாலஸும் அந்தத் தேர்வுக்கு இறங்கினான். ஒரு நிமிடம் போயிற்று. மூச்சுக் குமிழிகள் மேலே வந்துகொண்டே இருந்தன, வாலஸ் வரவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கிறான். இஷ்பெல்லின் கையில் டீ ஆறிப்போயிற்று. முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் காற்று தீரும் தறுவாயில் இவன் மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எங்கடி போன? நீ செத்துட்டன்னு நெனச்சேன்டி!"

இஷ்பெல் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் இங்க டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், நீ அங்க எனக்காகச் சாகப் பாத்த. நீ தேறல வாலஸ். இனிமே என்கூட நீ இறங்க வேணாம்."

"பொண்டாட்டிய எப்படி விட்டுட்டு வர்றது?"

"விட்டுட்டுத்தான் வரணும். ஒருநாள் நெசமாவே நான் மாட்டிக்குவேன். அன்னைக்கும் அதே ஒரு நிமிஷம்தான்."

அதன் பிறகு அவனோடு அவர் இறங்கவே இல்லை. ஊரே அதைச் சொல்லி வாலஸைக் கேலி செய்தது. நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்று இஷ்பெல்லோடு ஜோடியாக இறங்கியவன் ஈவன். பள்ளத்துக்குள் ஈவன் முன்னே, இஷ்பெல் பின்னே. அலை உள்ளே புகுந்து அடியைக் கலக்கிவிட்டது. ஈவன் திரும்பினால் அவர் விளக்கு தெரியவில்லை. ஒரு நிமிடம் தேடினான். மேலே வந்தான். வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "அக்கா வந்துட்டாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் மறுபடியும் கீழே போகத் திரும்பினான். அவன் முதுகுச் சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் படகில் போட்டவன் நான். அதில் இருந்த காற்று போய்வரப் போதாது. படகில் தயாராக இருந்த இருவரை இறக்கினேன். உயிர்காப்புப் படகைக் கூப்பிட்டேன். செத்தவன் விரல் என்று நாம் சொல்கிற வெள்ளைப் பவளம் அடர்ந்த சுவரடியில் இஷ்பெல் கிடந்தார். காலில் பழைய சிங்கிறால் கூட்டின் கயிறு. கையில் கத்தி. கயிறு பாதி அறுந்திருந்தது.

இன்னும் கொஞ்சம் தேடியிருந்தால் ஈவன் கண்டுபிடித்திருப்பானா? மதுக்கடையில் ஒரு வாரமாக இதே பேச்சு. கல்லறையில் வைத்து வாலஸும் சொன்னான்: "நானா இருந்தா விட்டுட்டு வந்திருக்க மாட்டேன்." அன்றிலிருந்து இந்தத் தம்பி யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

கண்டுபிடித்திருக்கலாம். பொய் சொல்லி ஆறுதல் தர எனக்குத் தெரியாது. அல்லது அந்தக் கலங்கலில் அவரைக் காணாமல், இவனும் அதே கயிற்றில் மாட்டியிருக்கலாம். மேடையில் இன்று இரண்டு படங்கள் இருந்திருக்கலாம். எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கீழே இருக்கிறவனுக்கும் அது தெரியாது. அதனால்தானே இஷ்பெல் அந்த ஒரு நிமிடத்தை வைத்தார்?

வாலஸ், நீ விட்டுவிட்டு வந்திருக்க மாட்டாய். உண்மை. அதனால்தான் அவர் உன்னோடு இறங்கவில்லை. உன்னை அவருக்குப் பிடிக்காமல் அல்ல. உன்னைப் பிணமாகப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. ஈவன் மேலே வருவான் என்று நம்பித்தான் அவனோடு இறங்கினார். அவன் வந்தான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிய பிள்ளையை இந்த ஊர் கொலைகாரனைப் போலப் பார்க்குமானால், நாளைக்கு எவன் மேலே வருவான்? அத்தனை பேரும் அடியிலேயே கிடப்பார்கள்.

காற்று அடங்கிய முதல் நாள் பெட்ரல் ஸ்கெல்லிக்குப் போகும். அந்தப் பள்ளத்தில் ஒரு முழக் கயிறு மிச்சமில்லாமல் அறுத்தெடுப்போம். புதிதாக வருகிறவர்களுக்கு இஷ்பெல் நடத்திய பாடத்தை ஈவன் நடத்துவான். இது சங்கத்தின் முடிவு அல்ல, என் முடிவு, படகு என்னுடையது.

மௌன அஞ்சலியைத் தொடங்கிவைக்கும்படி போதகர் என்னைப் பணித்திருக்கிறார். ஒரு நிமிடம். ஈவன், முன்னால் வா. வாலஸின் பக்கத்து நாற்காலியில் அவன் தொப்பி ஒன்றுதான் இருக்கிறது. அதை எடுப்பதும் எடுக்காததும் அவன் விருப்பம். நீ அங்கே வந்து நில்.

எல்லோரும் எழுந்திருங்கள். கண்ணை மூட வேண்டாம், இந்த நிமிடம் முழுவதும் இஷ்பெல்லைத் தேடுங்கள். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று பாருங்கள், எவ்வளவு குறைவு என்றும் பாருங்கள். நான் சொன்னதும் உட்கார்ந்துவிட வேண்டும், அவர் வராவிட்டாலும்.