பின்லாந்தில் பாதிக் காட்டைக் காணோம்

— பாதிக் காட்டைக் காணோம்னு சொல்றேன், நீங்க வடையைப் பாத்துட்டிருக்கீங்களே கமலினி!

— கன்ரீன் பூட்டப் போறாங்கள், பிரதீப். கோயிலுக்கு வந்தும் ஒபிஸ் கதையோ? எந்தக் காடு?

— பின்லாந்துக் காடுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ப்ளேன்ல இருந்து ரேடார் அலை அனுப்பினப்போ, மரங்க நல்லா திருப்பி அனுப்புச்சுங்க. இந்த ஜனவரியில பாதிதான் திரும்பி வந்திருக்கு. அப்போ பாதி மரம் போச்சுன்னுதானே அர்த்தம்? எவ்ளோ பெரிய கண்டுபிடிப்பு! அதுக்குத்தான் ஊரோட அந்தக் கோடி டார்னெய்ட்ல இருந்து இந்தக் கோடி கேரம் டவுன்ஸ் கோயில் வரைக்கும் வந்து, சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் தனித்தனியா அர்ச்சனை.

— பொறுங்கோ. ஏன் ஜனவரி?

— பழசு கோடையில எடுத்ததுன்னு எழுதியிருந்துச்சு. கோடையைக் கோடையோடதானே ஒப்பிடணும்? அந்தக் காட்டுக்காரங்க அனுப்பின ரேடார் படக் குவியல்ல தேடி, ஜனவரியைப் பொறுக்கி எடுத்தேன்.

— ஜனவரி கோடையோ?

— என்னங்க கேள்வி இது? ஜனவரியில நம்ம வீட்ல ஏசி இல்லாம படுக்க முடியுதா?

— உங்கட வீடு பின்லாந்திலயோ இருக்கு?

— இல்லீங்க, பூமியோட தென்பாதியிலதான்.

— அப்ப இங்க கோடையெண்டா அங்க பனிக்காலமெல்லோ?

— வடை தொண்டையில நிக்குதுங்க.

— தண்ணி குடியுங்கோ. மரத்துக்குள்ள இருக்கிற தண்ணியாலதான் அலை நல்லாத் திரும்பி வாறது. அது ஐஸாப் போனா, மரம் நிண்டாலும் ரேடாருக்கு இல்லாத மாதிரித்தான். ஒரு மரமும் போகேல்ல. நல்லகாலம், ரிப்போர்ட் இன்னும் போகேல்லத்தானே?

— வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேனுங்க.

— ஐயோ கடவுளே! உடன எழுதுங்கோ, பிழை விட்டுட்டன் எண்டு.

— வேலை போயிருமுங்க! இந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு நிரந்தரமாக்கறேன்னு மேனேஜர் யாமினி மேடம் சொல்லியிருக்காங்க. அதை நம்பி மாமனார்கிட்ட வேற, நிரந்தரமாயிருச்சுன்னே சொல்லிட்டேன். ரோடே இல்லாத காடு, யார் போய்ப் பாக்கப் போறாங்க? அங்க கோடை வரட்டும். மரமெல்லாம் திரும்ப வந்துருச்சுன்னு இன்னொரு ரிப்போர்ட் குடுத்துர்றேன்.

— உங்களுக்கென்ன விசரே? ஆறு மாசத்தில பாதிக் காடு முளைக்க, அதென்ன கீரைப் பாத்தியோ?

— இருங்க, இருங்க. அந்தக் காட்டுக்காரங்கதான் மெயில் போட்டிருக்காங்க.

— வாசியுங்கோ.

— “உங்களுக்கு மிக்க நன்றி.” நன்றியாமுங்க! “உங்க ரிப்போர்ட்டைக் காட்டினதும், மரம் வெட்டற கான்ட்ராக்டர் அனுமதியில்லாம வெட்டினதா ஒத்துக்கிட்டாரு.” பாத்தீங்களா கமலினி! நெசமாவே ஒரு திருடன் இருந்திருக்கான்! அர்ச்சனை வீண்போகலைங்க!

— மிச்சத்தையும் வாசியுங்கோ.

— “ஆனா, ஆத்தோரமா கொஞ்சம் மரந்தான் வெட்டினேன்னு அழுவறாரு. நாங்க நம்பல. பாதிக் காட்டுக்கும் சேத்து அவர் மேலதான் கேஸ் போடப்போறோம்.”

— பாவம் அந்த மனுசன். வெட்டாத மரத்துக்கும் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணப்போறான்.

— இன்னும் ஒரு வரி இருக்குங்க.

— வாசியுங்கோ.

— “வேற யாராவது எடுத்திருந்தா இன்னைக்கே சொல்லுங்க.”

— சொல்லுங்கோ பிரதீப். மிச்சக் காட்டை ஆர் களவெடுத்தது?

— நான்தானுங்க.