ஆறாவது கடிதம்

நிலாவெளி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரு குடை, பேக்கரியில் வாங்கிய ஒரு பாண் பை. உப்புவெளி தாண்டியதும் இளையவள் சொன்னாள்:

"அக்கா, மற்ற அஞ்சு கம்பஸும் என்னை வேண்டாம் எண்டது எவ்வளவோ மேல். விண்ணப்பத்தை வாசிச்சுப்போட்டெண்டாலும் சொன்னவை."

"ஆறாவது?"

"அதுதான் நான் ஆசைப்பட்ட இடம். மெய்யியல் மேற்படிப்பு எண்டால் அங்கதான். சேரின்ர சிபாரிசுக் கடிதம் வரேல்லையாம். என்ர விண்ணப்பத்தைப் பார்க்கவே இல்லையாம். அதுக்கு மட்டும் சேர் அனுப்ப மறந்திட்டார்."

"நீ ஒருக்கா ஞாபகப்படுத்தியிருக்கலாமே?"

"ஒருக்காக் கேட்டனான், ஓம் எண்டவர். படிப்பிச்ச மனிசனை ரெண்டாம்தரம் கேக்கிறதோ?"

"உந்த மரியாதையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வை."

இளையவள் குடையின் பட்டியைக் கழற்றி மறுபடி பூட்டினாள்.

"நேற்றுச் சந்தையில அவரைக் கண்டனான். முடிவு என்னெண்டு கேட்டவர். ஒண்டும் கிடைக்கேல்லை எண்டனான்."

"கடிதம் போகேல்லை எண்டு சொன்னனியோ?"

"இல்லை. அவர் நல்லாக் கவலைப்பட்டவர். 'அவையளுக்குக் குடுத்து வைக்கேல்லை, பிள்ளை' எண்டவர்."

"அதுக்கு நீ?"

"ஓம் சேர் எண்டனான்."