மூன்றாம் முறை கேட்பதற்குள்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் தர்மகர்த்தா, மஞ்சள் துண்டுக்கும் மாறாத சொல்லுக்கும் பேர்போன வரதராஜன் அண்ணன் அவர்களே! முறுக்கிய மீசையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தெலுங்கிலே சிரித்துத் தமிழிலே கைதட்டும் வடமாலபேட்டைச் சொந்தங்களே! உங்கள் வார்டு உறுப்பினர் கோதையின் வணக்கம்.

இதோ, சால்வை காத்திருக்கிறது. அமைச்சருக்கா? இல்லை. திருப்பதியில் கணினிப் பொறியியல் படித்த நம் தெருப் பெண் காவ்யாவுக்கு. படித்த பெண்கள் ஊரில் பலர் உண்டே, இவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கத்தானே கூடியிருக்கிறோம்.

நம் கங்கையம்மன் திருவிழாவான ஜாத்திரையில் முதல் கரகம் என் அண்ணன் தணிகாசலத்தின் வீட்டு உரிமை. கரகம் எடுக்குமுன் தர்மகர்த்தா "எடுக்கலாமா?" என்று மூன்று முறை கேட்பார். அந்த வீட்டின் தலைப்பிள்ளை "எடுங்க" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த ஆண்டுக் கரகம் அடுத்த வீட்டுக்கு. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மௌனம் என்றால் உரிமையே போய்விடும். அண்ணன் கண்மூடிய பிறகு தலைப்பிள்ளை யார்? அவர் மகள் காஞ்சனா. எங்கே இருக்கிறாள்? குவைத்தில், ஒரு மருத்துவமனையில், அடுத்தவர் உயிருக்குக் காவலாக.

போன வருஷம் பெரிய காமிரா கொண்டுவந்தோம். பளபளவென்று நேரலை விட்டோம். அவள் அதைப் பார்த்து எழுதும் பதிலை மேடையில் படிப்பது என்று ஏற்பாடு. ஆனால் நேரலை நேராக வந்ததா? இங்கே நடப்பது அங்கே தெரிய அரை நிமிடம் ஆயிற்று. தர்மகர்த்தா மூன்று முறையும் கேட்டு முடித்தார். ஊர் காத்திருந்தது, உடுக்கை காத்திருந்தது, பதில் வரவில்லை. கரகம் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு வந்தது, "எடுங்க" என்ற எழுத்து. அவள் தாய் பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு வாய் தொறக்கறதுக்குள்ள ஊரு மூஞ்சத் திருப்பிக்கினு போயிடுச்சே" என்றாள். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்வரிசைத் தம்பி என்ன சொல்கிறார்? போன் போட்டிருக்கலாமா? நல்ல கேள்வி, தம்பி. பணி நேரத்தில் அவளுக்குக் கைப்பேசி அனுமதி கிடையாது. ஓய்வறைக் கணினியில் புதிதாக எந்த ஆப்பும் ஏற்ற முடியாது. அவளுக்கு இருந்த ஒரே வாசல் பிரவுசர்.

அந்த வாசலைத்தான் காவ்யா அகலத் திறந்தாள். பிரவுசருக்குள்ளேயே இயங்கும் லைப்ரரி ஒன்று இருக்கிறதாம். யாரோ எழுதி எல்லோருக்கும் கொடுத்த நிரல். அதைச் சேர்த்து ஒரு பக்கம் செய்தாள். இணைப்பைத் தட்டினால் போதும், இங்கே பேசுவது அங்கே உடனே கேட்கும், அங்கே பேசுவது இங்கே உடனே ஒலிக்கும். "படம் போன வருஷம் மாதிரி பளிச்சுனு இல்லியே" என்று நான் குறை சொன்னேன். அவள் சொன்னாள்: "பளிச்சுனு வேணும்னா காத்துக்கினு இருக்கணும் அத்த. படம் மங்குனா மங்கட்டும், கொரலு பிந்தக் கூடாது."

வந்தது இந்த ஆண்டு ஜாத்திரை. வந்தது வெள்ளமாய்க் கூட்டம். அத்தனை பேர் கையிலும் கைப்பேசி, சிக்னல் சிக்கிச் சீரழிந்தது. தர்மகர்த்தா முதல் முறை கேட்டார். திரையில் காஞ்சனா முகம் கட்டம் கட்டமாய் உடைந்தது. இரண்டாம் முறை கேட்டார். முகம் அப்படியே உறைந்து நின்றது. "இந்த வருஷமும் போச்சு" என்று எவரோ முணுமுணுத்தார். காவ்யா கலங்கினாளா? இல்லை. படத்தை முழுக்க நிறுத்தினாள், குரலுக்கு மட்டும் வழிவிட்டாள். திரை இருண்டது. திடல் அடங்கியது. தர்மகர்த்தா மூன்றாம் முறை கேட்டார்: "எடுக்கலாமா தாயி?"

"எடுங்க பெரிப்பா."

கேட்டவர் வாய் மூடுமுன் வந்த குரல். கடல் கடந்து வந்த குரல். கூம்பு ஒலிபெருக்கி வழியே கோயில் கோபுரத்தைத் தொட்ட குரல். என் அண்ணன் வீட்டுக் கரகம் எழுந்தது. மூஞ்சே தெரியவில்லையே, அவள்தானா என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். பச்சையம்மாள் விட்டாளா? "இன்னாய்யா பேசற, பெத்தவளுக்குக் கொரலு தெரியாதா?" என்றாள்.

நம் ஊர்ப் பெண் ஒருத்தி தூரத்தைத் தோற்கடித்தாள் என்று சொல்ல எனக்குக் கர்வமாக இருக்கிறது. ஆம், கர்வம்தான். இதற்குக்கூடக் கர்வப்படாவிட்டால் வேறு எதற்குப் படுவது?

மைக் என் கையில் வந்தால் எளிதில் திரும்பாது என்று வரதராஜன் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி. காவ்யா, அந்தப் பக்கத்தைத் திறந்துதானே வைத்திருக்கிறாய்? காஞ்சனா, உன் அத்தை கேட்கிறேன். பேச்சை முடித்துக்கொள்ளலாமா?

கேட்டீர்களா? முதல் முறை கேட்டதற்கே "முடிங்க அத்த, சால்வைய போடுங்க" என்கிறாள்.

போடுகிறேன், தாயே. பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும், குவைத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் தலைப்பிள்ளைக்கும் நன்றி. வணக்கம்.