லைட் போடுற நேரம்

தேத்தண்ணிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சேர். சீனி கொஞ்சம் கூடத்தான், பரவாயில்லை, குடிப்பன்.

என்ர பேர் ஹெக்டர். சொந்த இடம் கொட்டாஞ்சேனை, இப்ப தெமட்டகொடை ரயில்வே குவாட்டர்ஸில இருக்கிறன். இருபத்தாறு வருசமா கரையோர லைனில மோட்டர் ட்ரொலி ஓட்டுறன். தண்டவாளம் திருத்திற ஆக்களையும் சாமானையும் ஏத்தி இறக்கிற சின்ன வண்டி. இவ்வளவு காலத்தில ஒரு நாய்கூட அடிபட்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருக்கு.

பிறெடி எங்கட ஆள்தான். சுத்தியலோட தண்டவாளத்தில நடந்து போல்ட் எல்லாம் இறுக்கமா இருக்கோ எண்டு பாக்கிறது அவன்ர வேலை. அவனுக்கு இடது காது சுத்தமாக் கேளாது. அது அவன்ர மனிசி கொன்ஸ்ரன்ஸுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மெடிக்கல். வலது காதைப் பொத்திக்கொண்டு நிக்கவேணும். டொக்டர் பின்னால நிண்டு தாளைப் பாத்து இலக்கம் வாசிப்பார். நான் என்ர முறைக்குக் காத்திருக்கிற மாதிரி எதிர் வாங்குப் பலகையில குந்திக்கொண்டு அந்த இலக்கத்தை விரலால காட்டுவன். இப்பிடியே ஐஞ்சு தரம் பாஸ் பண்ணினவன். சிநேகிதனுக்கு இதுகூடச் செய்யாட்டி என்ன மனுசன்?

வலப்பக்கம் கடல் இரையும், இடது காது கேளாது. அதால எங்களுக்குள்ள ஒரு பழக்கம். பொழுதுபடேக்க நான் ட்ரொலியில வந்தா ஹோன் அடிச்சு வேலையில்லை, லைட்டை ரெண்டு தரம் அடிப்பன். அவனுக்கு முன்னால தண்டவாளம் மினுங்கும். விலகி நிண்டு கையைத் தூக்குவான். பதினொரு வருசமா இப்பிடித்தான்.

போன மாசம் பம்பலப்பிட்டியில ரயில் அவனை உரசிக்கொண்டு போச்சுது. நல்லாப் பயந்திட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை என்னட்ட வந்து, வெள்ளிக்கிழமை மெடிக்கலில உண்மையைச் சொல்லப்போறன், யார்டில வேலை கேக்கப்போறன் எண்டான். உன்ர பேர் வராது எண்டும் சொன்னான். நல்லவன், பாவம். ஐஞ்சு தரம் எப்பிடிப் பாஸ் பண்ணினாய் எண்டு கேட்டா அவனுக்குப் பொய் சொல்ல வருமோ? எனக்குப் பென்சனுக்கு எட்டு மாசம். வேலை போனா குவாட்டர்ஸும் போகும். நான் கோவப்படேல்லை. யோசிச்சுச் செய் எண்டன். யோசிச்சிட்டன் எண்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் பம்பலப்பிட்டியில இருந்து வெள்ளவத்தைக்கு எனக்கு லைன் கிடைச்சுது, ரயில் இல்லை, போகலாம் எண்டு. பின்னால சாமானுக்கு மேல எங்கட லைன் வேலையாள் நாகேந்திரம் மட்டும் இருந்தவர். கடல் சரியான கொந்தளிப்பு. பிறெடி முன்னால, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்டவாளக் கரையோரமா நடந்தான். நான் முறைப்படி மூண்டு தரம் ஹோன் அடிச்சன். நாகேந்திரத்தைக் கேளுங்கோ, சொல்லுவார். ஹோன் அடிச்சா ஆள் விலகும் எண்டு நம்பித்தானே ஓட்டுறது. பிரேக் பிடிச்ச நேரம் பிந்திப்போச்சுது.

லைட் ஏன் போடேல்லை எண்டு கேட்டியள். ஆறரைக்குத்தான் போடவேணும் எண்டு விதி. அப்ப ஆறு இருபத்தஞ்சு. பதினொரு வருசம் நான் விதியை மீறினனான், சேர். அண்டைக்கு மட்டும்தான் சரியா ஓட்டினனான்.

செத்தவீட்டில பெட்டியைத் தூக்கின நாலு பேரில நானும் ஒருத்தன். கொன்ஸ்ரன்ஸ் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா.

"அண்ணை, லைட் அடிச்சனீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை, ரெண்டு தரம்."

அப்ப அவர்தான் கவனிக்காமப் போட்டார் எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. இந்த விசயத்தில நான் சொன்ன பொய் அது ஒண்டுதான். அதுவும் அவவின்ர மனம் ஆறட்டும் எண்டுதான். ஆனா அண்டையில இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. அதுதான் நானாவே வந்தனான்.

இன்னும் ஒண்டு இருக்கு. நான் கிட்ட வரேக்க அவன் ஒருக்காக் குனிஞ்சு தண்டவாளத்தைப் பாத்தவன். வெளிச்சத்தைத்தான் தேடினவன். மினுங்கேல்லை எண்டதும், நான் இன்னும் வரேல்லை எண்டு நினைச்சு நடுவில ஏறி நடந்தான். என்ர விரல் சுவிச்சிலதான் இருந்தது. நான் அழுத்தேல்லை.

அதை அப்பிடியே எழுதுங்கோ, சேர். ஆறரைக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருந்தது எண்டதையும் சேத்து எழுதுங்கோ.